மண்டித் தெருவில் ஒரு முற்றம்

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். லைனில் பாதிப் பேருக்குக் கை இங்கே, மனசு கரும்பில். அப்பர் தையல் அத்தனையும் கோணல். என் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு ரோல் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஒரே மனைவி நான்தான், மற்ற வீடுகளில் அது இலவசமாக நடக்கிறது என்று பரணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் டிசைன் பிரிவு உமைமா என் டப்பாவிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டே கேட்டாள். "மேகலாக்கா, மண்டித் தெருவுல எங்க சுஹேல் மாமூ வீட்ட விக்கிறாரு. பையனோட பெங்களூர்ல செட்டில் ஆய்ட்டாரு. நீங்கதானே டவுனுக்குள்ள வீடு வேணும்னு பொலம்பிட்டு இருந்தீங்க?"

நான் புலம்புவதில்லை. கருத்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பார்த்துவிட்டோம்.

அந்தத் தெருவை நான் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே அறிவேன். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் தோல் மண்டிகள். இப்போது ஒரு மண்டி காப்பிக் கடை ஆகிவிட்டது, வாசலில் மஞ்சள் பல்புகளைத் தோரணமாகத் தொங்க விட்டிருக்கிறார்கள். இன்னொன்று ரத்தப் பரிசோதனை லேப். மூன்றாவது கூரியர் ஆபீஸ். மூலையில் ஒரே ஒரு கிடங்கு இன்னும் பூட்டியபடி கிடக்கிறது, மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் பழைய வாசனை வருமாம். எனக்கு அந்த வாசனையெல்லாம் ஒரு பொருட்டா? சோறு போடுவதே அதுதான்.

வீடு பழசு, ஆனால் திடமாக இருக்கிறது. கூடம், இரண்டு அறை, சமையற்கட்டு, பின்னால் வானம் தெரியும் முற்றம், அதில் ஒரு கொய்யா மரம். பரணி நடந்தே ஸ்டேஷன் போய் காட்பாடி ரயில் பிடிக்கலாம். என் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும். குறை என்றால், தெருவை வெட்டிச் சாக்கடை கட்டியதில் வாசல்படி மூன்றும் சுவர் மாதிரி செங்குத்தாகிவிட்டன. ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

பழக்க தோஷம், அம்பு ஸ்டிக்கரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கூரை ஈரத்தில் ஒன்று, உடைந்த டைல்ஸில் ஒன்று, சுவிட்ச் போர்டில் இரண்டு. சுஹேல் அகமது சிரித்துவிட்டார். "மேடம், வீட்டையே ரிஜெக்ட் பண்ணிடாதீங்க!"

முற்றத்தின் இடது சுவரிலும் வலது சுவரிலும் பக்கத்துக்கு ஒரு சின்னக் கதவு, நீலப் பெயின்ட். இடது கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் வயதான ஒரு அம்மா. பரணி முற்றத்தில் கால் வைத்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டார். பக்கத்து வீட்டு சுகரா பேகம் என்று மட்டும் சொல்லிவிட்டு, சுஹேல் அகமது தண்ணீர்த் தொட்டியைக் காட்டப் போய்விட்டார்.

ஜனவரி 27, திங்கள்

எனக்கு அந்த வீடு வேண்டும்.

பரணிக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றால் ரயில், பஸ், தண்ணீர் என்று அடுக்குவேன். இங்கே உண்மையை எழுதலாம். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் திரும்பிக் கிடந்தேனே, பரணியின் ரயில் வரும்வரை. கத்தினேன். சுற்றிலும் விற்காத பிளாட்டுகள், கருவேலம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நாய் ஒன்று பதில் குரைத்தது. அன்றைக்குப் பயந்துபோனேன். வலியைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன், பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஹைவே ஓர நகரில் ஏழு வருஷம் இருந்தாயிற்று. போதும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

திருப்பத்தூரிலிருந்து தங்கை செண்பகம் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தத் தெருவுலயா? அங்க நம்மாளுங்க யாருக்கா இருக்காங்க?"

"இங்க மட்டும் யாரு இருக்காங்க? ரெண்டு நாய் இருக்கு. அதுங்களுக்குக் கூட என்னைப் புடிக்கல."

"வெளையாடாத. கார்த்திகை வந்தா தெருவுல ஒன் வீட்ல மட்டும்தான் வெளக்கு எரியும். யோசிச்சியா?"

"ஒரே வீட்ல எரிஞ்சா நல்லா தெரியும்டி."

பதில் உடனே வந்துவிட்டது. எனக்கு எப்போதும் வந்துவிடும். ஆனால் அவள் பஸ் ஏறிப் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பண்டிகை நாளில் வாசலில் நின்றால் எதிர்வீட்டில் யாராவது 'ஆச்சா?' என்று கேட்பார்களே — அது அங்கே இருக்குமா? இங்கேயும்தான் இல்லை. சரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

தனியாகப் போய் அந்தத் தெருவில் இரண்டு தடவை நடந்தேன். துணி வாங்கும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதில்லையா?

சுகரா பேகம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வீடு பாக்க வந்த அம்மாதானே? உள்ள வாம்மா, டீ சாப்டு." உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும், கண் மட்டும் இருபது. வலது பக்கத்து வீட்டு ஹலீமா பீயும் அங்கேதான் இருந்தார். சுகரா பேகத்தின் நாத்தனார், முட்டிவலிக்காரர், மகன் வீட்டில் இருக்கிறார்.

இருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஜாதி, என்ன சம்பளம், ஏன் பிள்ளை இல்லை — ஒன்றுமே இல்லை. நான்தான் கேட்டேன், இந்த வீட்டில் ஏதாவது குறை உண்டா என்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்ல வீடும்மா," என்றார் சுகரா பேகம். அவ்வளவுதான்.

ஒரு விஷயம் அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது. அந்தச் செங்குத்துப் படியில் ஹலீமா பீ எப்படி ஏறினார்?

பிப்ரவரி 16, ஞாயிறு

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பதிவு மாசி கடைசியில். ரிப்பேர் செய்துகொள்ளச் சாவியை இப்போதே கொடுத்துவிட்டார் சுஹேல் அகமது. பெங்களூர் பில்டர் ஒருவர் வரிசையாக நாலு வீட்டையும் கேட்கிறாராம், இடித்து அபார்ட்மென்ட் கட்ட. "குடியிருக்கிறவங்களுக்குக் குடுத்தா நல்லதுன்னு நெனச்சேன்," என்றார்.

பரணி சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார். பெண் பார்க்க வந்தபோது கூட இவ்வளவு பயபக்தியாக இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

முற்றத்துக் கதவுகளைப் பற்றிப் பேசினோம். "பின்பக்கம் ரெண்டு கதவு எதுக்கு? நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போய்ட்டா யார் வேணா உள்ள வரலாம்," என்றார் பரணி. அவர் கவலை திருடன்.

என் கவலை வேறு. பரணி தலையைக் கண்டதும் அந்த அம்மா கதவைச் சாத்தினாரே. அவர் வீட்டுச் சுவரில் ஒரு கதவு, அதற்கு இந்தப் பக்கம் அந்நிய ஆண். துணி காயப்போட வந்தால் கூட முக்காடு, கூச்சம். நாம் போய்க் கேட்டால் 'பரவால்லம்மா' என்றுதான் சொல்வார்கள். கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவதை விட, கேட்காமல் நாமே செய்துவிடுவதுதான் மரியாதை. இரண்டு கதவையும் எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துவிடலாம், நம் செலவில்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொத்தனார் கோதண்டராமன் ஒரே நாளில் முடித்துவிட்டார். கதவு இருந்த இடமே தெரியவில்லை. கழற்றிய கதவுகள் நன்றாக இருந்தன, தூக்கிப் போட மனமில்லாமல் கொய்யா மரத்தடியில் சாய்த்து வைத்தேன். குடிவருவதற்கு முன்பே அக்கம்பக்கத்துக்கு ஒரு நல்லது செய்த திருப்தி.

மார்ச் 2, ஞாயிறு

இன்று முதல் நோன்பு. நல்ல பேரீச்சம்பழமாக வாங்கிக்கொண்டு சுகரா பேகம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "சந்தோஷம்மா. நல்லபடியா இருங்க." பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்த "உள்ள வாம்மா" இன்றைக்கு வரவில்லை. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

ஹலீமா பீ வீட்டில் மருமகள் வந்து வாங்கிக்கொண்டாள். அத்தை படுத்திருக்கிறாராம்.

நோன்புக் களைப்பாக இருக்கலாம். இல்லை. எனக்குத் தெரியும், களைப்புக்கு முகம் இப்படி இருக்காது. எங்கேயோ ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

உமைமா இரண்டு நாளாக என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறாள். இன்று லிஃப்ட் அருகில் மடக்கிவிட்டேன்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுக்கா."

"எடுத்துக்க மாட்டேன், சொல்லு."

"அந்தக் கதவு ரெண்டையும் ஏன்க்கா அடைச்சீங்க?"

சொன்னேன். அவர்கள் கூச்சப்படக் கூடாது என்றுதான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த வரிசையில் முன்பு எல்லா வீட்டு முற்றத்துக்கும் அப்படிக் கதவு இருந்ததாம். பெண்கள் தெருவில் இறங்காமலேயே இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை போய் வருவார்களாம். கல்யாணம், சாவு, நோன்புக் கஞ்சி எல்லாம் அந்த வழிதான். காப்பிக் கடைக்காரன் தன் பக்கத்தை அடைத்தான், லேப்காரன் அடைத்தான். மிச்சம் இருந்தது எங்கள் முற்றத்துக் கதவுகள் மட்டும்தான். தெருவை வெட்டிப் படி உயர்ந்ததிலிருந்து ஹலீமா பீயால் வாசல் வழியாக இறங்க முடியாது. தினமும் எங்கள் முற்றத்தைக் கடந்துதான் அண்ணி வீட்டுக்குப் போவார். முப்பது வருஷமாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் நோன்பு திறப்பார்களாம்.

"இந்த வருஷம் அவங்க அவங்க வீட்ல தனியா தொறக்குறாங்கக்கா."

"ஏண்டி முன்னாடியே சொல்லல?" — கத்திவிட்டேன். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எப்டிச் சொல்றது? வீட்டுக்குள்ள தெனம் ரெண்டு பேர் நடப்பாங்கன்னா யாரு வாங்குவா? நீங்க பின்வாங்கிட்டா பில்டர் வாங்கி இடிச்சிடுவான். சுகரா பெரியம்மாதான் வாயத் தெறக்காதன்னாங்க. சுஹேல் மாமூ யாவாரம் நம்மளால கெடக்கூடாது, அந்தப் பொண்ணு குடிவந்து பழகினப்புறம் மெதுவா கேட்டுக்கலாம்னாங்க. அதுக்குள்ள நீங்க..."

அதுக்குள்ள நான்.

மார்ச் 5, புதன்

நான் மரியாதைக்காகக் கேட்கவில்லை. அவர்கள் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நடுவில் செங்கல்.

மார்ச் 7, வெள்ளி

பரணியிடம் எல்லாம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லும் ஆள் இல்லை. ரசம் சாதம் முடிந்து மோர் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"இடிச்சிடலாம்னு நீ முடிவு பண்ணிட்ட. அது தெரியுது. நான் கேக்கறது வேற. தெனம் நம்ம முற்றத்துல ரெண்டு பேர் நடப்பாங்க. இன்னிக்கு நேத்து இல்ல, அவங்க இருக்கற வரைக்கும். ஞாயித்துக்கிழமை நான் பனியனோட பேப்பர் படிக்க முடியாது. நீ தலைவலின்னு வந்து படுத்தா அங்க பேச்சு சத்தம் கேக்கும். நம்மளால முடியுமா? முடியாதுன்னா இப்பவே வெலகிடலாம், பதிவு இன்னும் ஆகல. பாவம்னு நெனச்சு வாங்கிட்டு, ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் அடைச்சா, அதுதான் பெரிய தப்பு."

சரியான கேள்வி. எனக்குக் கோபமாக வந்தது, சரியான கேள்வி என்பதால்.

யோசித்துப் பார்த்தேன். நான் தனிமை பிடித்தவள்தான். தொட்ட பொருள் தொட்ட இடத்தில் இருக்க வேண்டும். என் சமையற்கட்டில் செண்பகம் டப்பா மாற்றி வைத்தாலே எனக்கு ஆகாது. யாரும் நம்மைக் கடந்து போகாத வீடு வேண்டும் என்றுதானே ஏழு வருஷத்துக்கு முன் இங்கே வந்தோம்? கிடைத்தது. யாருமே கடந்து போகவில்லை. கணுக்கால் திரும்பிக் கிடந்த அன்றும் யாரும் கடந்து போகவில்லை.

பரணியிடம் முதல்முறையாக அதைச் சொன்னேன். அன்றைக்கு வலியை விடப் பயம்தான் என்று. எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" என்றார். பிறகு, "பனியன் மேல ஒரு சட்டை போட்டுக்கறேன், போ."

முடிவு: முற்றம் அவர்கள் நடக்க. சமையற்கட்டுப் பின்கதவுக்குப் பூட்டு, அது எங்களுக்கு. வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போவேன். அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோதண்டராமன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா மேடம், ரெண்டு வாரம் முன்னாடி கட்டுன்னீங்க, இன்னிக்கு இடின்னுறீங்க. அடுத்த வாரத்துக்கு இன்னா, இப்பவே சொல்லிட்டா சிமென்ட் கொழைச்சு வெக்கலாம்."

"அடுத்த வாரம் உங்க வாய்க்குத்தான் சிமென்ட்," என்றேன்.

முதல் அடி விழுந்ததும் சுகரா பேகம் தெருவழியாகச் சுற்றி, அந்தப் படியில் கை ஊன்றி ஏறி வந்துவிட்டார். "இன்னாம்மா, மறுபடியும் இன்னா இடிக்கிற?"

கோதண்டராமனை வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன். கதவைத் திரும்பப் போடுகிறேன். நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்று நினைத்து அடைத்தேன். கேட்டிருக்க வேண்டும். பிறகு பூட்டு விஷயத்தையும் சொன்னேன், குரல் கொஞ்சம் தடித்துவிட்டது.

"அது ஒன் வீடு, பூட்டிக்க. எங்களுக்கு நடக்க எடம் போதும்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நானும் கேட்டிருக்கணும். வீட்ட வாங்கறவங்ககிட்ட இதக் கேக்குறது ஞாயமான்னு நெனச்சுட்டேன். நீ அடைச்சதும், சரி, நாங்க நடக்குறது புடிக்கலபோலன்னு..."

"ஐயோ!" என்றேன்.

மாலைக்குள் கதவுகள் பழைய இடத்தில். வலது பக்கம் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்தவர் ஹலீமா பீ. "ரெண்டு வாரத்துல ரெண்டு வயசு ஜாஸ்தி பண்ணிட்டியேம்மா." நாத்தனாரும் அண்ணியும் கொய்யா மரத்தடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் சும்மா அங்கே இங்கே பெருக்கினேன்.

எழுந்து போகும்போது சுகரா பேகம் தரையிலிருந்து என் அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். புதுப் பூச்சு மேடாக இருந்த இடத்தில் ஒட்டினார். "இதையும் பாரு."

பரணிக்கும் ஒரு பாடம் நடந்தது. ஆண்கள் முற்றத்துக்கு வரும் முன் ஒரு இருமல் இரும வேண்டுமாம், உள்ளிருந்து 'வாங்க' என்று குரல் வந்த பிறகுதான் கால் வைக்க வேண்டுமாம். வீடு வரும்வரை பைக்கில் இருமிப் பழகிக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் ஒதுங்கி வழி விட்டார்.

மார்ச் 12, புதன்

பதிவு முடிந்தது. மாசிக்குள் முடித்தாயிற்று. செண்பகத்துக்கு அந்த ஒரு திருப்தி.

ஏப்ரல் 20, ஞாயிறு

குடி வந்துவிட்டோம். பங்குனியில் வீடு மாறக் கூடாது என்று செண்பகம் பிடித்த பிடியில் சித்திரை வரை காத்திருந்தோம். பால் காய்ச்சினோம். முதல் டம்ளர் அவளுக்கு, இரண்டாவது இடதுபக்கக் கதவு வழியாக, மூன்றாவது வலதுபக்கக் கதவு வழியாக. செண்பகம் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது இன்னாக்கா, வீடா, ரயில் பொட்டியா?"

ஜூன் 19, வியாழன்

பையர் கம்பெனி ஆள் வந்து இரண்டு கார்ட்டன் ஷூவைத் திருப்பிவிட்டார். தலை வெடித்தது. வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் இருவரும் யாரோ ஒருவருடைய மருமகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். சமையற்கட்டுக் கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டேன்.

பேச்சு நின்றுவிட்டது. கால் சத்தம் கூட இல்லாமல் போய்விட்டார்கள். அதன் பிறகு தலைவலி ஜாஸ்திதான் ஆனது.

பரணி சொன்னது அப்படியே நடக்கிறது. அவரிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் பூட்டைப் போட வந்தால் படியில் ஒரு கிண்ணம், தட்டு போட்டு மூடி. சுக்கு அரைத்த பற்று. நெற்றியில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். உமைமா பார்த்துவிட்டு, "பெரியம்மா கைவேலையா?" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. காலையிலேயே அகல்களைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, கொடியில் துணியும் போட்டுவிட்டுப் போயிருந்தேன். மதியம் ஃபேக்டரியில் ஜன்னல் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. போச்சு, அகலும் போச்சு, துணியும் போச்சு, செண்பகம் வேறு போன் பண்ணி 'வெளக்கு வெச்சியா?' என்பாள் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

வாசலில் நின்று பையைத் துழாவினால் சாவி இல்லை. கொத்தாக ஃபேக்டரி மேசை டிராயரில் விட்டுவிட்டேன். பரணி இன்னும் ரயிலில்.

ஹலீமா பீ வீட்டுப் படி ஏறினேன். இப்போதெல்லாம் இருவரும் எனக்கு ஆப்பா, அதாவது அக்கா. "ஆப்பா, சாவிய மறந்துட்டேன்," என்றதும், "அதுக்கின்னா, வா," என்று கூடத்தைக் கடந்து நீலக் கதவு வழியாக என் முற்றத்தில் கொண்டு விட்டார். அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது. சமையற்கட்டுக் கதவைப் பூட்டியிருப்பேனே, அந்தச் சாவியும் அதே கொத்தில்தானே?

தள்ளினேன். திறந்துகொண்டது.

பூட்டு ஜன்னல் திண்டில் வாயைப் பிளந்தபடி கிடந்தது, துரு ஏறி. கடைசியாக எப்போது போட்டேன்? ஆகஸ்டிலா? அதற்கும் முன்பா? நினைவு வரவில்லை. அடுப்புத் திட்டில் அகல்கள் ஈரமில்லாமல் வரிசையாக, மேலே ஒரு துண்டு. துணி மடித்து முக்காலியில். பரணியின் பனியன் மட்டும் தனியாக, இன்னொரு துண்டுக்கு அடியில், கண்ணில் படாமல். சுகரா ஆப்பாவின் வேலை.

திரி போட்டு, முன்கதவை உள்ளிருந்து திறந்து, வாசல்படியில் வரிசையாக ஏற்றினேன். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் தெரிந்தது.

மீதியை முற்றத்தில் வைக்கும்போது சுகரா ஆப்பா தன் கதவில் நின்று, "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். குனிந்து அகலைக் கீழே வைத்தேன். "ஏம்மா, அந்தக் கதவு நிலைகிட்ட ஒண்ணு வை," என்றார் ஹலீமா ஆப்பா மறுபக்கத்திலிருந்து. "மழ பேஞ்சு கெடக்குது, முட்டிக்கால்காரி நான் எங்க மிதிக்கிறேன்னு தெரியணுமில்ல." இரண்டு நிலையிலும் ஒவ்வொன்று வைத்தேன்.

அப்போது கூடத்திலிருந்து பரணியின் இருமல் கேட்டது.

நான் வாய் திறப்பதற்குள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "வாங்க தம்பி, வாங்க," என்றார் ஹலீமா ஆப்பா.